சாயமிட்ட எண்ணெயின் சரித்திரம்

சட்டம் என்பது ஏட்டில் எழுதப்படுவது என்றே நாம் கற்றோம். மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்து வருகிறோம். ஆயினும் சில சட்டங்கள் பண்டத்தின் உடலிலேயே எழுதப்படுவதுண்டு. பிரித்தானியாவிலே கமக்காரன் ஒருவன் தன் உழவு இயந்திரத்தில் ஊற்றும் டீசல் செந்நிறமாயிருக்கும். அவன் வயலோரத்து வீதியில் ஓடும் லொறியின் டீசலுக்கு அச்செந்நிறம் இல்லை. இரண்டும் ஒரே சுத்திகரிப்பாலையிலிருந்து வரக்கூடியவை. எரித்தால் ஒரே வலுவைத் தருபவை. ஒரே புகையைக் கக்குபவை. முன்னையதற்குத் தீர்வை சிறிது, பின்னையதற்குப் பெரிது என்பதே வேறுபாடு. தீர்வை குறைந்த எண்ணெயை வீதியில் ஓடும் வாகனத்தில் ஊற்றுவது குற்றம். அக்குற்றத்தைக் கண்ணாடிக் குழாயொன்றிற் கண்டுகொள்வதற்காகவே சாயம் இடப்படுகிறது. அயர்லாந்துக் குடியரசில் இதே காரியத்துக்குப் பச்சைச் சாயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிவப்பு. கனடாவின் அல்பேட்டா மாகாணத்துக் கமக்காரரின் எண்ணெய் ஊதா.

யாருடைய தொழிலுக்கு அரசு சலுகை காட்டுகிறது, அச்சலுகையை எவர் களவாடுவர் என அஞ்சுகிறது, களவு நிகழ்ந்தவிடத்து நட்டம் எவர் தலையில் விழுகிறது ஆகிய மூன்றையும் ஒரு துளிச் சாயத்திற் கண்டுகொள்ளலாம் என்பது எமது எண்ணம். ஆதலின் இதன் சரித்திரத்தைச் சிறிது விரிவாகவே நோக்குவோம்.

டீசலுக்கு மூத்தது மதுசாரம். பிரித்தானியாவில் மதுசாரத்துக்குக் கடுந்தீர்வை இருந்தது. குடிப்பவனிடம் அதனை அறவிடலாம், மெருகெண்ணெயும் மருந்துச் சரக்கும் செய்யும் ஆலை முதலாளி அதனைச் செலுத்த விரும்பவில்லை. 1855ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு வழி கண்டது. மரத்தை வடித்தெடுத்த நச்சுத்தன்மையுள்ள திரவத்தை மதுசாரத்திற் கலந்துவிட்டால் அது குடிக்கத் தகாததாகும். ஆகவே தீர்வையின்றி ஆலைக்குக் கொடுக்கலாம். பின்னர் அதற்கு ஊதாச் சாயமும் சேர்ந்தது. பாடசாலை ஆய்வுகூடங்களில் நாம் கண்ட மெதிலேற்றிய மதுசாரத்தின் பிறப்பு இதுவே. ஒரே பொருள் முதலாளியின் கையில் மூலப்பொருள், தொழிலாளியின் கையில் வரிக்குரிய பண்டம் என்னும் பிரிவினை இங்கே தொடங்குகிறது.

அப்பிரிவினை எத்துணைக் கொடுமைக்கு இடந்தந்தது என்பதை அமெரிக்க மதுவிலக்குக் காலம் காட்டிற்று. ஆலைகளுக்கெனக் கெடுக்கப்பட்ட மதுசாரத்தைக் கள்ளச்சாராயக்காரர் மீண்டும் வடித்து விற்கத் தொடங்கினர். 1926ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் அதிற் கலக்கும் நஞ்சின் அளவைக் கூட்டியது. மக்கள் இறந்தனர். நியூயோர்க் நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகராயிருந்த சார்ள்ஸ் நோரிஸ் அரசாங்கத்தையே பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். நல்ல மதுவை விலைகொடுத்து வாங்க வசதியுள்ளவன் தப்பிக்கொள்ள, இழிந்த சரக்கைக் குடிக்கும் ஏழையே மடிகிறான் என்பது அவர் வாதம். எண்ணெய்க்குச் சாயத்தோடு நின்றார்கள் என்பதையிட்டு நாம் ஆறுதலடையலாம் போலும்!

இனி எண்ணெய்க்கு வருவோம். 1909ஆம் ஆண்டு லோயிட் ஜோர்ஜ் சமர்ப்பித்த புகழ்பெற்ற வரவுசெலவுத் திட்டத்திலேதான் பிரித்தானியாவில் பெற்றோலுக்கு வரி தோன்றியது. கலன் ஒன்றுக்கு மூன்று பென்ஸ். வர்த்தக வாகனங்களுக்கு அதிற் பாதி. மோட்டார் வாகனம் வீதியைப் பாழாக்குகிறது, ஆதலின் அதன் சொந்தக்காரர் வீதிக்குப் பணந்தர வேண்டும் என்பது அன்று கூறப்பட்ட நியாயம். வீதிக்கென ஒரு நிதியும் வகுக்கப்பட்டது. ஆனால் 1920களில் நிதியமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அந்நிதியிற் கைவைத்தார். இடையிலே நீக்கப்பட்டிருந்த பெற்றோல் வரியை 1928இல் கலனுக்கு நான்கு பென்ஸாக மீட்டும் கொணர்ந்தவரும் அவரே. 1937இலிருந்து வாகனங்களிடம் பெறும் வரி நேரே பொதுத் திறைசேரிக்குச் சென்றது. வீதிக்கும் வரிக்கும் இருந்த தொடர்பு அத்தோடு அறுந்தது. இதனை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். ஏனெனில், வயலில் நிற்கும் இயந்திரம் வீதியைத் தேய்ப்பதில்லை, அதன் எண்ணெய்க்கு வரி ஏன் என்னும் வாதம் அதன் பின்னரும் பல்லாண்டு சலுகைக்கு அரணாக நின்றது. காரணம் இறந்துபோயிற்று, சலுகை வாழ்ந்தது.

டீசல் இயந்திரம் லொறிகளிலும் பஸ்களிலும் பெருகியபோது, பெற்றோல் வரிக்குத் தப்பும் வழியாக அது அமைந்தது. 1935இல் வீதி வாகனங்கள் எரிக்கும் டீசலுக்கான தீர்வை பெற்றோலுக்குரிய அளவுக்கு உயர்த்தப்பட்டது. ஏனைய தேவைக்குரிய அதே எண்ணெய் குறைந்த தீர்வையோடு விடப்பட்டது. இவ்வாறு ஒரே எண்ணெய்க்கு இரண்டு விலைகள் சட்டத்திற் பிறந்தன. எனினும் எண்ணெயில் இன்னும் நிறம் ஏறவில்லை.

நிறத்தை முதலிற் கண்டது பெற்றோலேயாகும். அதற்கு வரியன்று, பங்கீடே காரணம் என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாம் மகாயுத்தம் முடிந்த பின்னரும் பிரித்தானியாவில் டொலர்ப் பஞ்சம் தீரவில்லை. பெற்றோல் பங்கீடு தொடர்ந்தது. வர்த்தக வாகனங்களுக்கெனக் கொடுக்கப்பட்ட பெற்றோல் கறுப்புச் சந்தை வழியே செல்வரின் கார்களுக்குப் பாய்ந்தது. இதனை விசாரித்த ரசல் விக் குழு, வர்த்தகப் பெற்றோலுக்குச் செஞ்சாயமிட வேண்டும் என்று 1948இல் பரிந்துரைத்தது. எரிபொருள் அமைச்சராயிருந்தவர் தொழிற்கட்சியின் ஹியூ கெய்ற்ஸ்கெல். அவ்வாண்டு யூன் மாதம் தொட்டுச் செந்நிறப் பெற்றோல் வந்தது. தனியார் காரொன்றின் தாங்கியில் அது காணப்பட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தை இழப்பான். விற்ற நிலையம் விற்பனை உரிமையை இழக்கும். யுத்தகால வாயு முகமூடியில் எஞ்சிய கரியினூடாக வடித்துச் சாயத்தை நீக்கினார்கள் என்னும் கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. 1950 மே மாதம் பங்கீடு ஒழிந்தது. அதனோடு செம்பெற்றோலும் ஒழிந்தது. செல்வன் உல்லாசப் பயணத்துக்கு எரிக்கும் எண்ணெயைத் தடுத்துப் பொருள் ஏற்றும் வாகனத்துக்குச் சேர்ப்பித்த அச்சாயத்தை நாம் குறைகூறோம். சாயம் தன்னளவில் நல்லதுமன்று தீயதுமன்று. எவருடைய பங்கைக் காக்க அது இடப்படுகிறது என்பதே பேச்சு.

அவ்வனுபவம் அதிகாரிகளுக்கு மறக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் தீர்வை குறைந்த டீசலுக்குச் செஞ்சாயம் வந்தது. கமம், மீன்பிடி, புகையிரதம், கட்டடவேலை, சுரங்கம், சூடேற்றும் அடுப்பு என இதன் பயன்பாடு விரிந்தது. பின்னர் 1979ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதிகளை ஒருங்கு திரட்டியது. செஞ்சாயம் கண்ணுக்குத் தெரிவது. அதனோடு குயினிசரின் என்னும் இரசாயனமும் இடப்பட்டது, அது சோதனையில் மட்டுமே வெளிப்படும். அதிகாரிகள் வீதியோரத்திலும் மாட்டுச் சந்தைகளிலும் நின்று வாகனங்களை மறித்துத் தாங்கியிலிருந்து சிறிது எண்ணெயை உறிஞ்சிப் பார்ப்பர். சாயம் தென்பட்டால் வாகனத்தையே பறிமுதல் செய்யலாம்.

கமக்காரனுக்குச் சலுகை கொடுப்பதை நம்மில் எவர் எதிர்ப்பர்? ஆனால் இச்சலுகை ஆளுக்கு இத்துணை என்று கொடுக்கப்படுவதன்று; லீற்றருக்கு இத்துணை என்று கொடுக்கப்படுவது. பத்து ஏக்கர் உழுபவன் பத்து ஏக்கரின் சலுகையையும், ஆயிரம் ஏக்கர் உழுபவன் ஆயிரம் ஏக்கரின் சலுகையையும் பெறுகிறான். சிறு கமக்காரனின் பெயரைச் சொல்லிப் பெருநிலக்காரன் நிறைத்துக்கொள்ளும் கதை பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதன்று. எம்மூர் உரமானியத்தை ஆராய்ந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

சாயத்தின் முழு வரலாற்றையும் ஒரே இடத்திற் காண விரும்புபவர் அயர்லாந்தின் எல்லைக்குச் செல்ல வேண்டும்.

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர் நீளமான கோடொன்று வயல்களையும் வளவுகளையும் ஊடறுத்துச் சென்றது. 1923 ஏப்பிரல் முதலாந் திகதி சுங்கச் சாவடிகள் எழுந்தன. அன்றிலிருந்து வெண்ணெய், மாடு, பன்றி, மது என விலை வேறுபட்ட பொருள் யாவும் இரவோடிரவாக எல்லையைக் கடந்தன. ஏகாதிபத்தியம் கீறிய கோட்டை மதியாது நடப்பதில் எல்லைக் கிராமத்தவர் குற்றவுணர்வு கொண்டிலர், அதில் வியப்பில்லை. 1993 சனவரியில் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகள் நீங்கின. அதே ஆண்டிலே பிரித்தானிய அரசு எரிபொருள் தீர்வையை விலைவாசிக்கு மேலாக ஆண்டுதோறும் உயர்த்தும் கொள்கையைத் தொடங்கி, 1999 வரை கைக்கொண்டது. சாவடி மறைந்தது, விலை வேறுபாடு பெருகியது. வட அயர்லாந்தின் எல்லையோர நிரப்பு நிலையங்கள் வாடிக்கையாளரை இழந்து மூடின. கள்ளக் கடத்தலுக்கு இதைவிட வாய்ப்பான காலம் எப்போது வரும்?

தெற்கிலே தீர்வை குறைந்த பச்சை எண்ணெய். வடக்கிலே செந்நிற எண்ணெய். (தேசியவாதிகளின் நிறமான பச்சை தெற்குக்கு வாய்த்ததைக் கண்டு உள்ளூரவர் நகைத்திருப்பர்.) எந்நிறமாயினும் அதனை நீக்கிவிட்டால் முழுத் தீர்வை செலுத்திய எண்ணெயின் விலைக்கு விற்கலாம். இதற்கு எண்ணெய் சலவை என்று பெயர் வழங்கிற்று. தெற்கு ஆர்மாவிலும் வடக்கு லௌத்திலும் பண்ணைக் கொட்டில்களுக்குள்ளே சலவைக்கூடங்கள் முளைத்தன. சாயத்தை உறிஞ்சும் அமிலமூட்டிய களிமண்ணினூடாகவும், பூனைகளின் மலப்பெட்டியில் இடும் மண்ணினூடாகவும் எண்ணெயை வடித்தனர், கந்தகவமிலத்தையும் கையாண்டனர். போராட்ட காலத்து ஆயுதக் குழுக்களோடு தொடர்புடையோர் இத்தொழிலிற் பெரும்பொருள் ஈட்டியதை, 2004 முதல் 2011 வரை இயங்கிய சுயாதீனக் கண்காணிப்பு ஆணைக்குழு தன் அறிக்கைகளிற் சுட்டியது. விடுதலையின் பேரால் எடுத்த துவக்கு எண்ணெய்க் கொட்டிலுக்குக் காவலாய் முடிவது நாம் சிந்திக்க வேண்டிய வரலாறு. அதனை ஏளனமாகப் பேசும் தகுதி எமக்கில்லை.

நட்டம் எவருக்கு? திறைசேரிக்கு என்பர் அதிகாரிகள், உண்மையே. ஆனால் சலவையின் பின் எஞ்சும் கரிய சேறு எங்கே போயிற்று? ஆயிரம் லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் கலங்களில் அடைத்து, இரவில் வீதியோரத்திலும் வயலோரத்திலும் நீரோடைகளின் அருகிலும் விட்டுச் சென்றனர். விடியற்காலையில் அதனைக் கண்டவர் அவ்வூர்ச் சிறு கமக்காரர். அகற்றிய செலவு பொதுப்பணத்திலிருந்து போயிற்று. மலிவென்று நம்பி வாங்கிய எண்ணெயில் எஞ்சிய அமிலத்தால் தன் காரின் இயந்திரம் கெடக் கண்டவனும் சாதாரண மனிதனே. இலாபம் சிலருடையது, சேறு ஊருடையது.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தன் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் பொதுவான மஞ்சள் அடையாளப் பொருளொன்றை விதித்தது. அதனையும் சலவைக்காரர் வென்றனர். பின்னர் 2015இல் பிரித்தானியாவும் அயர்லாந்தும் சேர்ந்து, களிமண்ணால் எளிதில் நீக்க முடியாத புதிய அடையாளப் பொருளைக் கலக்கத் தொடங்கின. அதனை ஆக்கியது டவ் என்னும் அமெரிக்க இரசாயனக் கம்பனி. வியட்நாமில் விழுந்த நேபாம் குண்டுகளுக்குச் சரக்குச் செய்ததும், போபாலில் நஞ்சு கக்கிய ஆலையோடு தொடர்புபட்ட யூனியன் காபைட்டை 2001இல் விழுங்கியதும் இக்கம்பனியே. அரசாங்கங்கள் தம் வரிச்சட்டத்தைக் காத்துக்கொள்வதற்கு எவர் வாயிலில் நிற்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! பொருள் பயன் தந்தது என்பதை மறைத்தலாகாது, சலவைக்கூடங்கள் அருகின. களவு வேறு வழி தேடிற்று. எண்ணெய்த் தீர்வைக்கு உட்படாத மசகெண்ணெய் வகைகளை இறக்குமதி செய்து டீசலோடு கலக்கும் வித்தை அடுத்துத் தோன்றியது.

அமெரிக்காவின் அனுபவம் சுருக்கமானது, ஆயினும் சுவையானது. அங்கே வீட்டைச் சூடேற்றும் எண்ணெய்க்கு வீதி வரியில்லை. அதனை வாங்கி லொறிக்கு விற்ற கும்பல்கள் கொழுத்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1994 சனவரி தொட்டு வரியற்ற டீசலுக்குச் சாயம் கட்டாயமாயிற்று. சாயமிட்ட எண்ணெயை வீதியில் எரிப்பவனுக்குத் தண்டம் 1000 டொலர், அல்லது கலனுக்கு 10 டொலர், இவற்றில் எது பெரிதோ அது. சாயம் வந்ததும் வரிசெலுத்திய டீசலின் விற்பனை திடீரென உயர்ந்தது; சூடேற்றும் எண்ணெயின் விற்பனை திடீரெனத் தாழ்ந்தது. அமெரிக்காவின் குளிர்காலம் ஓரிரவில் இதமாகிவிட்டதா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்.

இந்தியாவில் இக்கதை குருதி தோய்ந்தது. பங்கீட்டுக் கடைகள் வழியே ஏழைகளின் விளக்குக்கும் அடுப்புக்கும் கொடுக்கப்பட்ட மண்ணெண்ணெய்க்கு அங்கே நீலச் சாயம். அதன் விலைக்கும் டீசலின் விலைக்கும் இடையே இருந்த பெரும்பள்ளத்திலே கள்ளச்சந்தை குடியேறியது. நீலத்தை நீக்கி டீசலிற் கலந்தனர். ஏழையின் விளக்கு அணைந்தது. எவனோ ஒருவனின் லொறி ஓடியது. 2005 நவம்பரில், உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில், கலப்பட எண்ணெய் விற்ற நிலையத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்த மஞ்சுநாத் சண்முகம் என்னும் இந்தியன் ஒயில் உத்தியோகத்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. 2011 சனவரி 25ஆந் திகதி, குடியரசு தினத்துக்கு முதனாள், மகாராட்டிரத்து மன்மாட் அருகே கலப்படத்தைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கச் சென்ற மேலதிக மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே உயிரோடு எரிக்கப்பட்டார். நீலச் சாயத்துக்கு மேலாக 2006இல் கொணரப்பட்ட இரகசிய அடையாளப் பொருள் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. சாயம் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலைசெய்யும் ஒருவர் குழாயைக் கையிலேந்திச் செல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னே அரசு நிற்கிறதா என்பதைக் கள்ளன் அவருக்கு முன்னரே அறிந்துவிடுகிறான்.

எம் நாட்டிலும் மண்ணெண்ணெய் நெடுங்காலம் மலிவு விலையில் விற்கப்பட்டது. வடக்குக் கிழக்குக் கரையிற் சிறுபடகுகளின் இயந்திரங்கள் அதில் ஓடின; மலையகத்து லயன்களில் விளக்குகள் அதில் எரிந்தன. டீசலிற் கலக்கும் வித்தையும் எம்மவர்க்குப் புதிதன்று. 2022 ஓகஸ்ட் 21ஆந் திகதி இரவு அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே பாய்ச்சலில் உயர்த்தப்பட்டது. மானியம் இனி உரியவருக்கு நேரே வழங்கப்படும் என்றார்கள். சாயமிட்டுக் காத்தல் ஒரு வழி. விலையையே உயர்த்திவிட்டுக் காப்பதற்கு ஒன்றுமில்லை என்றாக்குதல் மற்றொரு வழி. பின்னைய வழியில் கள்ளன் பிழைப்பை இழக்கிறான் என்பது மெய். அவனோடு படகும் கரையேறிவிடுகிறது.

சாயமே தேவைப்படாத வரியற்ற எண்ணெயும் உலகில் உண்டு என்பதை இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். 1944 திசம்பரிற் சிக்காக்கோவிற் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரை, நாடுவிட்டு நாடு வரும் விமானத்தின் தாங்கியிலுள்ள எரிபொருளைத் தீர்வையிலிருந்து விலக்கியது. நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அவ்விலக்கை மேலும் விரித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு எரிசக்தி வரிப் பணிப்புரையும் வர்த்தக விமான எரிபொருளுக்கு விலக்களித்தது. அங்கே வரிசெலுத்தும் எண்ணெய், வரிசெலுத்தா எண்ணெய் என்ற இரண்டில்லை. பிரித்தறிய வேண்டிய தேவையில்லை. ஆதலின் நிறமுமில்லை, வழிமறிக்கும் அதிகாரியும் இல்லை.

மீண்டும் பிரித்தானியாவுக்கே வருவோம். 2020 மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் செந்நிற டீசலின் சலுகையைச் சுருக்கப் போவதாக அரசு அறிவித்தது. அப்போது நாட்டில் எரிக்கப்பட்ட டீசலில் ஏறத்தாழ 15 வீதம் செந்நிறமாயிருந்தது. அதனால் திறைசேரி ஆண்டுக்கு ஏறக்குறைய 240 கோடிப் பவுணை விட்டுக்கொடுத்து வந்தது. காலநிலை மாற்றத்தைத் தடுக்க வேண்டுமாயின் இது தொடரலாகாது என்பது அரசின் கூற்று. கூற்றிற் பிழையில்லை. லீற்றருக்கு 57.95 பென்ஸ் என்றிருந்த முழுத் தீர்வைக்கெதிரே செந்நிற எண்ணெய்க்கு 11.14 பென்ஸே அறவிடப்பட்டது. 2022 ஏப்பிரல் முதலாந் திகதி கட்டடவேலைக்கும் சுரங்கத்துக்கும் உற்பத்தித் தொழிலுக்கும் சலுகை நீங்கியது. கமம், காடு வளர்ப்பு, மீன் வளர்ப்பு, புகையிரதம், வீடுகளைச் சூடேற்றுதல், ஊர்ச் சுற்றும் கேளிக்கைச் சந்தைகள், சர்க்கஸ் முதலியவற்றுக்கு அது நீடித்தது. உல்லாசப் படகுகளைப் பற்றி 2018இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் பெரிய பிரித்தானியாவில், படகைச் செலுத்தும் பங்குக்கு முழுத் தீர்வையைச் செலுத்திக்கொண்டு, அவை செந்நிற எண்ணெயையே தொடர்ந்து நிரப்பலாம் என விடப்பட்டது. வட அயர்லாந்தில் மட்டும் அது மறுக்கப்பட்டது.

விதிவிலக்குப் பெற்றோரின் பட்டியலில், ஊரவரின் சிறு விளையாட்டுக் கழகங்களுக்கு அடுத்து, கொல்ப் மைதானங்களும் இடம்பெற்றன. தொழிலாளருக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டும் இயந்திரம் அன்றிலிருந்து முழுத் தீர்வை செலுத்திய எண்ணெயில் இயங்கியது. கொல்ப் மைதானத்தின் புல்வெட்டும் இயந்திரத்திலும், அதன் கழகக் கட்டடத்தைச் சூடேற்றும் கொதிகலனிலும் செந்நிறமே எரிந்தது.